பொறுப்பு கைமாறாத இரண்டு மாதங்கள்

எங்கள் சங்கத்தைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆக வேண்டுமென்றால், டீ நன்றாக இருக்கும். ஹைதராபாத் ஹப்சிகுடாவில் காலை நடையை முடித்துவிட்டுப் பூங்கா பெஞ்சில் மூட்டுவலியையும் மருமகள்களையும் அலசிக்கொண்டிருந்த பதினைந்து தமிழர்கள், திடீரென்று ஒருநாள் ஊருக்குச் சேவை செய்யக் கிளம்பினோம். எல்லோரும் மத்திய அரசு நிறுவனங்களிலும் பாதுகாப்புத் துறையிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள். தனியாக வாழும் முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது என்று ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. தலைவர் யார் என்று முடிவாக மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

இரண்டு முன்னாள் விஞ்ஞானிகளுக்குள் போட்டி. ஓய்வு பெறும்போது தான் ஒரு படி மேலே இருந்ததாக ஒருவர் பழைய உத்தரவின் நகலையே கொண்டுவந்து நீட்டினார். தோற்றவர் ஒரு மாதம் வேறு பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை வந்தது. அதில் பழைய பதவி கொட்டை எழுத்தில் இருந்தது; ‘முன்னாள்’ என்பதைத்தான் கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்தது.

நான் நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்தவன். விடுப்பு விண்ணப்பத்தைக்கூடத் தப்பில்லாமல் நிரப்பத் தெரியாத மேதாவிகளோடு முப்பத்து நான்கு வருடம் மாரடித்தவன். இவர்களை நம்பி ஒரு கிழவியைக்கூடச் சாலை கடக்க விட முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் நானே ஒரு பதிவேடு தயாரித்தேன். ஒருவர் முறை முடிந்தால் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தவர் கையொப்பம், பெற்றவர் கையொப்பம், பயனாளி கையொப்பம். பொறுப்பேற்காமல் யாரும் எதையும் தொடக் கூடாது. எல்லோரும் கை தட்டினார்கள். ஆபீஸ் வாசனை பட்டதும் அத்தனை முகத்திலும் ஒரு தெளிவு.

எங்களுக்குக் கிடைத்த முதல் ஆள் மெட்டுகுடாவில் தனியாக இருந்த ஒரு அம்மா. ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். கணவர் இல்லை, மகன் கனடாவில். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணை மாதம் ஒரு ஊசி போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஊசி போட்டதும் கட்டுப் போட்டு அனுப்புவார்கள் என்பதால், கூட ஆள் இல்லாமல் போனால் ஊசியே கிடையாது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு, பூதக்கண்ணாடியும் பேனாவுமாக, வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் தடவை ஆறு பேர் போனோம். ஆஸ்பத்திரி வாசலில், கட்டுப் போட்ட கண்ணோடு நிறுத்தி வைத்துத் தலைவர் சால்வை போர்த்த, போட்டோ எடுத்துக்கொண்டோம்.

“போட்டோல நான் தெரியறேனா தம்பி, இல்ல சால்வை மட்டும்தானா?” என்று அந்த அம்மா கேட்டார். தலைவர் அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டு கும்பிட்டார்.

போட்டோ இல்லாத மாதங்களில் போனது ஒரே ஒருவர்தான். உப்பல் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர், கூட்டத்தில் வாயே திறக்காதவர். மற்றவர்கள் முறை வரும்போதெல்லாம் அவர்களுக்கு ரத்த அழுத்தம் வந்துவிடும், அவர் போய்விட்டு வருவார். நான்கு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் புனேயில் இருந்த மகளுக்குப் பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிட, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ரயிலேறினார். பதிவேடு அவருடைய பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டது. ரயிலிலிருந்தே எனக்குப் போன் செய்தார்.

“புதன்கிழமை ஊசி சார். யாராவது போயிடுங்க, ப்ளீஸ்.”

அடுத்து முறை வந்தது, தலைவர் போட்டியில் தோற்ற விஞ்ஞானிக்கு. “சார்ஜ் எடுத்துக்காம நான் எப்படி சார் போறது? நாளைக்கு அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? உங்க ரூல்தானே?” என்றார்.

பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டினேன். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. புதன்கிழமை காலையில் அந்த அம்மா எனக்குப் போன் செய்தார். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்.

“கொஞ்சம் பொறுங்கம்மா. ரெஜிஸ்டர் வந்துடட்டும்.”

“ரெஜிஸ்டர் நக்கோ தம்பி, அதெல்லாம் வேணாம், ஒரு ஆள் வந்தா போதும்” என்று சிரித்தார்.

ஹப்சிகுடாவிலிருந்து மெட்டுகுடா மெட்ரோவில் இரண்டாவது ஸ்டேஷன். எனக்கு அன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. ஏன் போகவில்லை என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை, ஆனால் எனக்குத் தெரியும். நான் போனால் அந்த விஞ்ஞானி தப்பித்துவிடுவார். அவர் லட்சணம் எல்லோருக்கும் தெரியட்டும், அடுத்த கூட்டத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று காத்திருந்தேன். அடுத்த மாத ஊசியும் அப்படியே தவறியது. அந்த அம்மா அதன் பிறகு போன் செய்யவில்லை.

ஃபோர்மேன் பேரக்குழந்தையின் படங்களோடு திரும்பினார். இரண்டு ஊசியும் போடவில்லை என்று கேட்டதும் நேராக என் வீட்டுக்கு வந்தார். பதிவேட்டை என் கையில் கொடுத்துவிட்டு, இனிமேல் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன், மறுநாளே அந்த அம்மாவை அழைத்துப் போனேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். உள்ளே ரத்தம் கசிந்து தழும்பாகிவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டார். அந்த அம்மா முந்திக்கொண்டு, “நான்தான் மறந்துட்டேன்” என்றார்.

வீட்டில் கொண்டுவந்து விட்டதும் பழக்கதோஷத்தில் பதிவேட்டை நீட்டிவிட்டேன். மேஜையில் பூதக்கண்ணாடி ஒரு வாரப் பத்திரிகையின் மேல் கிடந்தது. குறுக்கெழுத்தில் ஒரு கட்டம்கூட நிரப்பியிருக்கவில்லை.

“எங்க போடணும்?” என்று கேட்டார். விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன். பேனா நகர்ந்து நகர்ந்து, பக்கத்துக் கட்டத்தில் இருந்த என் கையெழுத்தின் மேலேயே தன் பெயரை எழுதினார்.

“சரியா விழுந்துதா தம்பி?”

“சரியா இருக்கும்மா” என்றேன்.