ஒரே அட்டையில் இரண்டு பேர்

இதை எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தெரியவில்லை. என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றது. கட்டுரை என்று நான் கடைசியாக எழுதியது அந்தப் பரீட்சையில்தான். அதன் பிறகு எழுதியதெல்லாம் கம்ப்யூட்டருக்கு. அதற்கு அழகு வேண்டாம், பிழை இல்லாமல் இருந்தால் போதும். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காதவள் நான். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பதால் துணிந்துவிட்டேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சாயல்குடியிலிருந்து மாரியூர் போகிற வழியில் எங்கள் ஊர். மிளகாய் விவசாயம். பள்ளி முடித்து டைப்ரைட்டிங் படித்தேன். எண்பதுகளின் கடைசியில் மதுரையில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் டைப் செய்கிற வேலை கிடைத்தது. மற்றவர்கள் தாளில் எழுதித் தரும் புரோகிராம்களை டைப் செய்து கொடுக்க வேண்டும். அப்படி டைப் செய்தே நானும் எழுதக் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் தாளில் இருந்த தவறை நானே திருத்திப் போட்டுவிட்டேன். திட்டு விழும் என்று பயந்திருந்தேன். மறுவாரம் என்னைப் புரோகிராமர்கள் உட்காரும் பக்கம் மாற்றினார்கள். பத்து வருடத்தில் சீனியர் ஆனேன். பட்டம் வாங்காத சீனியர் அங்கே நான் ஒருத்திதான்.

சீனியர் என்பதால் தனி அறை ஒன்றும் கொடுத்துவிடவில்லை. அதே மேசை, அதே நாற்காலி. ஆனால் சின்னவர்கள் சந்தேகம் கேட்க வருவார்கள். மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இது ஏன் ஓட மாட்டேங்குது?" என்று நிற்பார்கள். பேச்சை நான் தொடங்க வேண்டியதில்லை. என்னைப் போன்றவளுக்கு அது எத்தனை பெரிய வசதி என்று பேசத் தெரிந்தவர்களுக்குப் புரியாது. விடுதி அறைக்குத் திரும்பினால் யாரோடும் பேச்சு இருக்காது. பகலில் பத்துப் பேராவது என் மேசைக்கு வந்து போயிருப்பார்கள். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் அய்யாவுக்கு, என் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்தது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அண்ணன் குடும்பத்தோடு திருப்பூரில் இருந்தார். நான் கல்யாணம் ஆகாதவள். யார் வந்து பார்த்துக்கொள்வது என்று யாரும் கேட்கவே இல்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு வருடம் ஆனது.

அய்யாவின் காரியமெல்லாம் முடிந்து அண்ணன் கிளம்பும்போது, "நீயும் வந்திரு, எங்ககூட இரு" என்றார்.

"வேலைக்குப் போகலாம்னு இருக்கேண்ணே."

"என்ன வேலைக்கு?"

"அதே வேலைக்குத்தான்."

"நாப்பத்தஞ்சு வயசுல உன்னைய யாரு கூப்புடுறா? கம்ப்யூட்டருல எல்லாம் இப்பப் புதுசு புதுசா வந்திருச்சு."

அவர் சொன்னது நிஜம். நான் விட்டு வந்தது கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடிய காலம். சாயல்குடி பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தபோது என் தொழிலில் பாதி வார்த்தைகள் எனக்கே தெரியவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்தேன். புத்தகம் வைத்துப் படித்தேன். பம்ப்செட் ஓடும் நேரத்தில் மின்சாரம் இறங்கித் திரை அணைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இல்லை. ஒரு தவறைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆன சமயம் உண்டு. கண்டுபிடித்ததும் "அட, இதுவா" என்று சத்தமாகச் சொன்னேன். அந்த வாரம் வீட்டுக்குள் நான் பேசியது அது ஒன்றுதான் என்று பிறகு தோன்றியது.

ஏழெட்டு மாதம் இப்படிப் போனது. பழைய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அங்கே என்னிடம் சந்தேகம் கேட்டு வந்தவர்களில் ஒருவர் இப்போது மேனேஜர்.

"அக்கா, நீங்களா? உயிரோடதான் இருக்கீங்களா?" என்று சிரித்தார். பிறகு, "சட்டுன்னு சீனியர்னு போட முடியாதுக்கா. ஒரு மாசம் வேலையப் பாருங்க. சரியா வந்தா நானே மேல எழுதுறேன்" என்றார்.

ராமநாதபுரத்தில் ஒரு தனியார் கண் மருத்துவமனை. அங்கே பத்து வருடத்துக்கு மேலாக எங்கள் நிறுவனத்தின் பழைய புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். பழைய நோயாளிகளின் விவரத்தைப் புதியதற்கு மாற்றித் தருவது என் வேலை. எங்கள் ஊரிலிருந்து காலைப் பேருந்தில் போய் சாயங்காலப் பேருந்தில் திரும்பலாம் என்பதும் மேனேஜர் பார்த்துச் செய்த உதவி.

மதுரையிலிருந்து இரண்டு இளம் புரோகிராமர்கள் வந்திருந்தார்கள். எனக்கு இந்தப் பக்கம் ஒரு பையன், அந்தப் பக்கம் ஒரு பெண். நல்ல பிள்ளைகள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் வாயால் பேசிக்கொள்ள மாட்டார்கள். இரண்டு பேரும் டைப் செய்துகொண்டே இருப்பார்கள். திடீரென்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரிப்பார்கள். கம்ப்யூட்டரிலேயே பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரிய மூன்று நாள் ஆனது. சந்தேகம் வந்தால் இணையத்தில் தேடிக்கொள்வார்கள். என் மேசை ஓரத்தில் யாரும் வந்து நிற்கவில்லை. மதியம் அவர்கள் ஓட்டலுக்குப் போவார்கள். நான் ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. எங்கள் அறைக்கும் பதிவு கவுண்ட்டருக்கும் நடுவில் பாதி உயரத் தடுப்பு மட்டும்தான். அங்கே பேசுவதெல்லாம் காதில் விழும். கமுதிப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகனும் வந்திருந்தார்கள். மகனுக்கு இருபது வயது இருக்கும். வெளிநாட்டுக்கு டிரைவர் வேலைக்குப் போகக் கண் சான்றிதழ் வேண்டும். மகனைச் சின்ன வயதில் கொண்டுவந்து காட்டியபோது கொடுத்த பழைய அட்டையை அந்த அம்மா நீட்டினார்.

"பேரு சொல்லுங்கம்மா" என்றாள் கவுண்ட்டர் பெண்.

"அட்டையில இருக்குல்ல தாயி."

"எழுத்து அழிஞ்சிருக்கு. சொல்லுங்க."

"அது எங்க மாமனாரு பேரு. நான் எப்படி வாய்விட்டுச் சொல்ல? ஏலே, நீ சொல்லு."

மகன் சொன்னான். கவுண்ட்டர் பெண் தட்டிப் பார்த்தாள். "வலது கண்ணுல புரை எடுத்து லென்ஸ் வச்சிருக்குன்னு வருதே?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். சக்கர வியாதி வேற போட்டிருக்கு."

"யக்கா, அது எங்க தாத்தா. அவரு செத்து ஆறு வருஷமாச்சு."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "தாத்தா கண்ணு வந்திருச்சு, சொத்து வந்துச்சாலே?" என்றார்.

"ரெண்டு குறுக்கம் நெலம் வந்துச்சு. அதுலயும் கருவேலந்தான் நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இதுனால சான்றிதழ் தர மாட்டாகளா தாயி?" என்று இரண்டு தடவை கேட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்று கையாலேயே எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஆனால் கம்ப்யூட்டரில் தாத்தாவும் பேரனும் எப்படி ஒரே ஆளானார்கள் என்று கேட்டார். அன்று மேனேஜர் மதுரையிலிருந்து வந்திருந்தார். அவர் அந்தக் கேள்வியை என்னிடம் கொடுத்தார்.

பழைய புரோகிராமைத் திறந்து அந்தப் பகுதிக்கு வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான் எழுதியது.

தொண்ணூறுகளில் நோயாளிகள் அட்டையைத் தொலைத்துவிட்டு வருவார்கள். ஒவ்வொரு தடவையும் புது எண் கொடுப்பார்கள். ஒரே ஆளுக்கு நாலு எண், நாலு இடத்தில் விவரம். ஓர் ஆளுக்கு ஒரே அட்டை என்று ஆக்கித் தரச் சொன்னார்கள். பெயர், இனிஷியல், ஊர், கதவு எண், ஆணா பெண்ணா, இவையெல்லாம் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள் என்று சேர்த்துவிடும்படி எழுதினேன். வயதையும் பார்க்க வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எங்கள் பக்கத்தில் வயதைக் கேட்டால் "நீங்களே பாத்துப் போட்டுக்கங்க" என்பார்கள். இந்தத் தடவை ஐம்பது, அடுத்த தடவை அறுபத்தைந்து. வயதைப் பார்த்தால் ஒரே ஆளின் விவரம் ஒருபோதும் ஒன்று சேராது. இதைக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மதுரைக்காரர்கள் யாருக்கும் தெரியாத விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது. அந்த நிறுவனத்தில் ஒரு கூட்டத்தில் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு தடவைதான்.

வயதைச் சரிபார்க்கும் வரி அங்கேயேதான் இருந்தது. அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறி இருந்தால் கம்ப்யூட்டர் அந்த வரியைப் படிக்காது.

எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பார்கள். அந்தப் பேரனின் அப்பாவுக்கும் அவருடைய தாத்தா பெயர்தான். அதனால் தாத்தாவின் அப்பா பெயரும் பேரனின் அப்பா பெயரும் ஒன்று, இனிஷியலும் ஒன்றாகவே வரும். ஒரே ஊர், ஒரே கதவு எண். என் அய்யாவும் என் அண்ணன் மகனும் அப்படித்தான். அண்ணி மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மாமனார் பெயராயிற்றே. இவ்வளவும் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். வயது விஷயம் ஞாபகம் இருந்தது, இது வரவில்லை. வெளியூர்க்காரர் யாராவது எழுதியிருந்தால் வயதைச் சேர்த்திருப்பார், இந்தத் தப்பு நடந்திருக்காது.

அதே மாதிரி சேர்ந்துபோனவை எத்தனை என்று தேடிப் பார்த்தேன். பல நூறு வந்தது. ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்திலிருந்து வந்தவர்கள்கூட அதில் இருந்தார்கள்.

மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன், யார் எழுதியது என்பதைத் தவிர.

"இப்படியா எழுதுவாங்க?" என்றார். "நம்ம கம்பெனில இருந்து துபாய் போனாரே ஒருத்தர், அவரு வேலையாத்தான் இருக்கும். நல்லவேளை நீங்க கண்டுபுடிச்சீங்க. இத வச்சே உங்களப் பத்தி மேல எழுதிரலாம்க்கா."

நான் சரி என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம், அவருக்கும் அது தெரியும். அதனால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. அப்படியே விட்டிருந்தால் மாதக் கடைசியில் எனக்கு அந்த வேலை நிச்சயம். துபாய் போனவருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். படியில் உட்கார்ந்து யோசித்தேன். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மேனேஜர் சின்னவராக என்னிடம் சந்தேகம் கேட்டு நின்ற நாட்களில், யார் செய்த தப்பு என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. தப்பு தன்னுடையதுதான் என்று அவர் தானாகவே சொல்லுவார். அந்த ஞாபகம் வந்ததும் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தேன்.

நாலு மணிக்கு அவர் மதுரைக்குக் கிளம்பினார். வாசல் வரை போனேன்.

"தம்பி, அது நான் எழுதுனது."

"எது?"

"சேக்குற புரோகிராம். வயசு வேண்டாம்னு சொன்னதும் நாந்தான்."

அவர் காரின் கதவைத் திறந்து மறுபடியும் மூடினார். "நான் கேக்கலயேக்கா."

"கேக்கல."

"டாக்டர் யாரு எழுதுனதுன்னு கேட்டாருக்கா. தெரியலன்னு சொல்லிட்டேன். இப்பப் போய் நான் மாத்திச் சொல்லணும்." கார்ச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "தப்பு பண்ணுனவங்களையே சீனியராப் போடுறீங்களான்னு அவரு கேட்டா, எனக்குப் பதில் இல்ல. அந்த இடம் இப்ப முடியாது. அதுக்குக் கீழ, சப்போர்ட்னு போடுறேன். சேந்ததையெல்லாம் பிரிக்கணும், அதுக்கு ஆளு வேணும். சம்மதமா?"

"சரி தம்பி."

"வருத்தமாக்கா?"

"இல்ல."

அவர் திரும்பி உள்ளே போய் டாக்டரிடம் பேசிவிட்டு வந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினார். அந்த இரண்டு இளம் புரோகிராமர்களுக்கும் அதற்குள் தெரிந்துவிட்டது போல. நான் அறைக்குள் வந்தபோது டைப் செய்கிற சத்தம் நின்று, பிறகு தொடர்ந்தது. அந்தப் பெண் புரோகிராமர் எதையோ கேட்கத் திரும்பியது போல இருந்தது. பிறகு திரைக்கே திரும்பிக்கொண்டாள். என் பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். சாயல்குடி வண்டியில் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்து, மதியச் சோற்றையே சாப்பிட்டேன். அண்ணனுக்குப் போன் செய்யலாம் என்று நினைத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலைப் பேருந்தில் ராமநாதபுரம் போனேன். பழைய தாள் கோப்புகள் இருந்த அறையைத் திறந்து விட்டார்கள். எது தாத்தாவுடையது, எது பேரனுடையது என்று தாளில் பார்த்துப் பார்த்து, சாயங்காலத்துக்குள் பதினோரு அட்டைகளைப் பிரித்து முடித்தேன்.