நஞ்சம்மாளின் மாமரமும் பெருமாள்சாமியின் மொட்டைமாடியும்

எங்கள் வீதியில் நஞ்சம்மாளைப் பிடித்தவர்கள் என்று யாரும் இல்லை. எனக்கும் பிடிக்காது. எதிர்வீட்டில் இத்தனை வருடம் குடியிருந்தும், அவர் இன்னொருவரைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய மாமரத்தைப் பற்றி வீதியில் உலவும் கதைகள் தவறானவை. பக்கத்து வீட்டுப் பெருமாள்சாமி ஆசிட் ஊற்றினார் என்று சிலர் சொல்கிறார்கள். நஞ்சம்மாளே ஆள் வைத்து ஊற்றிவிட்டுப் பழியை அவர் மேல் போட்டார் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே நடக்கவில்லை. நடந்தது இதுதான்.

அருள்புரத்தில் இன்று பனியன் கம்பெனிகள் நிற்கும் இடத்தில் நஞ்சம்மாளின் புகுந்த வீட்டுக்குத் தோட்டம் இருந்தது. கணவர் திருமூர்த்தியும் அவருடைய அண்ணன்களும் அதை விற்றார்கள். விற்பதற்கு முன் நஞ்சம்மாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் யாரிடமும் சரியாகப் பேசாமல் போனது அதற்குப் பிறகுதான் என்று சொல்வார்கள். அதற்கு முன்பும் அப்படித்தான் என்பது அவருடைய நாத்தனாரின் கட்சி. தோட்டத்திலிருந்து திருமூர்த்தி பெயர்த்துக்கொண்டு வந்தது ஒரு கிளிமூக்கு மாங்கன்று மட்டும்தான். புது வீட்டு வாசலில் அதை நட்டார்.

அந்தக் குடும்பத்தில் எல்லாமே அந்த மரத்தடியில் நடந்தது. மகன் சசிகுமாருக்குக் காது குத்தியது அங்கேதான். திருமூர்த்தியின் உடலைக் கிடத்தியதும் அங்கேதான். சசிகுமார் பனியன் தைத்துக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியபோது கொட்டகை போடக் கையில் காசு இல்லை. ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து, மர நிழலில் இரண்டு மெஷின் போட்டு ஓட்டினான். பிறகு பின்புறம் கொட்டகை வந்தது. மருமகள் யாழினி வந்தாள். டீ நேரத்தில் தையல்காரர்கள் எல்லோரும் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். நஞ்சம்மாள் அவர்களைத் திட்டிக்கொண்டே பாய் விரித்துப் போடுவார்.

பெருமாள்சாமி சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். சிறு வயதில் சாயப்பட்டறை வேலைக்கு வந்து, சூப்பர்வைசர் ஆகி, நஞ்சம்மாள் வீட்டை ஒட்டியிருந்த மனையை வாங்கி மாடி வீடு கட்டினார். மாமரத்தின் பெரிய கொம்பு ஒன்று அவருடைய மொட்டைமாடிக்கு மேல் நீண்டிருந்தது. போன வருடம் ஐப்பசி மழையில் மாவிலை போய் மாடியின் தண்ணீர்க் குழாயை அடைத்துக்கொண்டது. தேங்கிய தண்ணீர் கசிந்து படுக்கையறைக்குள் ஒழுகியது. அவர் மாடியில் நின்று கத்தியது வீதி முழுவதும் கேட்டது.

"இந்த மரம் பட்டுப்போனாத்தாம்க்கா எனக்கு விடிவு!"

கோபம் ஏற ஏற நஞ்சம்மாளுக்கு மரியாதை கூடும். "ஏனுங், மரத்துக்குச் சாபமுங்களா உடறீங்க? உங்க ஊடு இடிஞ்சு உழுகோணும்னு நான் சொன்னனுங்களா? சொல்ல மாட்டனுங்க. கட்டுன லட்சணத்துக்கு அது தானா உழுந்துக்கும்."

அடுத்து வந்த கோடையில் மரத்தின் உச்சி வாடத் தொடங்கியது. கொழுந்து கருகியது, பூ உதிர்ந்தது. வீட்டில் மூன்று பேரும் பதறிப்போனார்கள். சூடு வேரைத் தாக்காமல் இருக்க அடிமரத்தைச் சுற்றி ஈரம் பிடித்து வைக்க வேண்டும் என்று சசிகுமார்தான் சொன்னான். அவனுடைய யூனிட்டில் பனியன் துணி வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

"சாயத் துணி வேண்டாங் கண்ணு. சாயம் எறங்குனா வேரு போயிரும். பளீர்னு வெள்ளையா இருக்கறதாப் பாத்துக் கொண்டா" என்றார் நஞ்சம்மாள்.

இந்தப் பக்கத்தில் சாயக் கழிவு கலந்த ஆற்றையும் கிணற்றையும் பார்த்தவர்களுக்குச் சாயம் என்றால்தான் பயம். வெள்ளைத் துணியை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நிறம் கலக்காத துண்டுகளாக உட்கார்ந்து பொறுக்கினார்கள். வேரடியிலிருந்து இடுப்பு உயரம் வரை மெத்தை போலச் சுற்றி, ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டினார்கள். போர்வெல் தண்ணீர் உப்பு என்று, குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரை யாழினி காலையும் மாலையும் அதில் ஊற்றினாள். பார்க்கிறவர்களுக்குக் கட்டுப் போட்ட கால் போல இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் சசிகுமார் அதைப் பெருமையாகக் காட்டினான்.

வைகாசி முடிவதற்குள் பாதி மரம் மொட்டையாகிவிட்டது. ஐப்பசியில் கேட்ட சாபம் நஞ்சம்மாளுக்கு நினைவு வந்தது. சாபம் விட்டவர் சாயப்பட்டறைக்காரர். பட்டறையில் ஆசிட் கேன் கேனாக இருக்கும். நஞ்சம்மாளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. போலீசில் புகார் எழுதிக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. பெருமாள்சாமி வேலை பார்த்த பட்டறையின் முதலாளி தரணீதரன், நஞ்சம்மாளுக்குப் பங்காளி வகையில் தம்பி முறை. நேராகப் போய் அவரிடமும் சொன்னார். மறுநாளே பெருமாள்சாமியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மற்ற பட்டறைகளில் அவர் வேலை கேட்டபோது, ஆசிட் திருடிய ஆள் என்று அங்கேயும் செய்தி போயிருந்தது.

பெருமாள்சாமியின் மனைவி முத்துப்பேச்சி நஞ்சம்மாள் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு மரத்துக்காக எங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டீகளே! எம்புருசன் ஊத்துனத நீங்க பாத்தீகளா?"

"பாத்திருந்தா இன்னேரம் அவரு கை இருந்திருக்காதுங்க."

"கை இருந்து என்னத்துக்கு? வேலதான் போச்சே. ஒங்க மரம் மட்டுமில்ல, ஒங்க நாக்கும் பட்டுப்போவும் பாத்துக்கிடுங்க!"

"என்ற நாக்கு நல்லாத்தான் இருக்குதுங்க. நீங்க கெளம்புங்க."

ஆனி மாதம் ஒரு காலையில் ஏட்டு வந்தார். பெருமாள்சாமியையும் வரச் சொல்லியிருந்தார். வீதியில் வேலை இல்லாதவர்கள் எல்லோரும் கூடினார்கள். நானும் போனேன்.

"ஆசிட்டுன்னா அடையாளம் இருக்கணும்மா. எங்க ஊத்துனாங்க, காட்டுங்க" என்றார் ஏட்டு.

"காட்டறனுங்க. கண்ணுல வெளக்கெண்ணெய உட்டுட்டுப் பாருங்க. சசி, துணியக் கழட்டு."

சசிகுமார் எலாஸ்டிக்கை வெட்டினான். மேல்சுற்று பழுப்பாக இருந்தது. உள்ளே போகப் போகக் கறுத்தது. ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டால் வரும் நாற்றம் கிளம்பியது. கடைசிச் சுற்று மரத்தோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவன் பிடித்து இழுத்தான். துணியோடு பட்டையும் சேர்ந்து உரிந்து வந்தது. அடியில் மரம் கறுத்து, கொழகொழவென்று, புழு நெளிந்துகொண்டிருந்தது.

ஏட்டு குனிந்து பார்த்தார். துணி எட்டாத இடத்தில், வேருக்குப் பக்கத்திலேயே, பச்சைப் புல் முளைத்திருந்தது.

"ஆசிட் ஊத்துன எடத்துல புல்லு எப்படிம்மா மொளைக்கும்? இந்தத் துணிய யாரு சுத்துனது?"

காலைத் தண்ணீருக்காக யாழினி கையில் வைத்திருந்த வாளியைக் கீழே வைத்தாள். பெருமாள்சாமி சிரித்தார். கேட்கச் சகிக்காத சிரிப்பு.

"நீங்களே கழுத்த நெரிச்சுப்புட்டு, என் கைய மோந்து பாக்கச் சொல்லுதீகளேக்கா!"

"ஏட்டய்யா, நீங்க போலாமுங்க" என்றார் நஞ்சம்மாள்.

"புகார வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

"அது கெடக்கட்டுமுங்க."

கூட்டம் கலைந்த பிறகு சசிகுமார், "ம்மா, நாமதாம்மா..." என்று ஆரம்பித்தது என் வாசல் வரைக்கும் கேட்டது.

"தெரியும். நீ சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா? அந்தப் பக்கம் போடா."

மரத்தைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்க மரம் வெட்டும் சந்தனம் என்பவரைக் கூட்டி வந்தார்கள். அவர் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் பட்டை இன்னும் உயிரோடு இருந்தது. அழுகலைச் சுரண்டிக் காயவிட்டால் பாதி மரமாவது மிஞ்சும் என்றார். ஆனால் பாரமெல்லாம் பெருமாள்சாமி வீட்டுப் பக்கம் நீண்ட கொம்பில் இருந்தது.

"அந்தக் கொம்ப எறக்கோணுமுங்க. இல்லீன்னா ஆடிக் காத்து ஒரு உந்து உந்துனா மரமே வேரோட சாஞ்சிரும். கீழ நின்னு வெட்ட முடியாதுங்க. அந்த மாடியில நின்னு கயித்துல கட்டித்தான் எறக்கோணும்."

சசிகுமார் போய்ப் பெருமாள்சாமியிடம் கேட்டான். மரம் சாய்ந்தால் அவர் வீட்டின் மேல்தான் விழும், அதனால் சம்மதிப்பார் என்று நினைத்தான். பெருமாள்சாமி அசையவில்லை.

"விழட்டும் தம்பி. ஒங்கம்மா மரம் என் வீட்டு மேல விழுந்தா கேஸு என் கைக்கு வரும். அப்ப யாரு யார வேலைய விட்டு நிறுத்துதான்னு பாப்போம்."

சொந்த வீட்டை இடியக் கொடுத்தாவது பழி வாங்கும் நிலைக்கு அவர் வந்திருந்தார். நஞ்சம்மாளும் இறங்கி வரவில்லை. சுவருக்கு இந்தப் பக்கமே, அந்தக் கொம்புக்கு அடியில் சவுக்குக் கட்டைகளை முட்டுக் கொடுக்கச் செய்தார். பகலெல்லாம் நாற்காலியைப் போட்டு மரத்தின் முன் உட்கார்ந்திருந்தார்.

ஆடி பிறந்தது. காற்று வீசிய ஒரு காலையில் அடிமரத்தில் முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. நஞ்சம்மாள் எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கு நடந்தார். அந்த வீட்டின் புதுமனை புகுவிழாவுக்குப் பிறகு அவர் அங்கே கால் வைத்ததில்லை.

முத்துப்பேச்சி கதவைத் திறந்தார். "வாங்க. ஆசிட்டு எங்கன ஒளிச்சு வச்சிருக்கோம்னு தேடவா?"

"மாடிச் சாவி வேணுமுங்க."

"எம்புருசனுக்கு வேல வேணும்."

உள்ளிருந்து பெருமாள்சாமி வந்தார். "எம்பேரையும் பறிச்சீக, வேலையையும் பறிச்சீக. ரெண்டையும் கொண்டாந்து குடுத்துட்டுச் சாவிய வாங்கிக்கிடுங்க."

நஞ்சம்மாள் வீதிக்கு வந்து, "சசி, வண்டிய எடு" என்றார்.

பட்டறையில் நடந்ததைச் சசிகுமார் எனக்குச் சொன்னான். தரணீதரன் எழுந்து நின்று வரவேற்றார்.

"அந்தப் பெருமாள்சாமியத் திருப்பி வேலைக்குக் கூப்புடுங்க தம்பி."

"அந்த எடத்துக்கு ஒரு பீகார் ஆளப் போட்டாச்சுங்களேக்கா."

"நான் வந்து சொன்ன அன்னிக்கு அவரக் கூப்புட்டு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீங்க சொன்னீங்கன்னுதானுங்க..."

"நான் கெணத்துல குதிக்கச் சொன்னாக் குதிப்பீங்களா? நான் சொன்னது பொய்யுங்க. மரத்தக் கெடுத்தது நாங்க. பொய்ய உடனே கேட்டீங்கல்ல? நெசத்தையும் உடனே கேளுங்க."

"ஒரு மாசம் போகட்டுங்க்கா, பாக்கலாம்."

நஞ்சம்மாள் அவர் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். துணிக்குச் சாயம் போடக் கொடுக்க வந்த பார்ட்டிகள் ஒவ்வொருவரிடமும், "இந்தத் தம்பி ரொம்ப நல்லவருங்க. விசாரிக்காமயே ஆள நிறுத்துவாருங்க. உங்க துணிய நல்லாப் பாத்துக்குங்க" என்றார். மூன்றாவது ஆள் வந்து போனதும் தரணீதரன் போனை எடுத்துப் பெருமாள்சாமியை வேலைக்கு வரச் சொன்னார். நஞ்சம்மாள் அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போய்ப் புகாரையும் திரும்ப வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் முத்துப்பேச்சியின் வாசலில் போய்க் கையை நீட்டினார். முத்துப்பேச்சி சாவியை அந்தக் கையில் வைக்கவில்லை. சந்தனத்தைக் கூப்பிட்டு அவரிடம் கொடுத்தார்.

மறுநாள் காலையில் வெட்டினார்கள். காற்று இருந்ததால் இரண்டாவது கயிற்றைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றார் சந்தனம். தன் மாடியில் வேறு யாரும் ஏறுவது பிடிக்காமல் பெருமாள்சாமியே கயிற்றைப் பிடித்தார். கொம்பு ஊசலாடிக்கொண்டு இறங்கியது.

"மெதுவா உடுங்க! அதென்ன பஞ்சு மூட்டையா?" என்று கீழிருந்து கத்தினார் நஞ்சம்மாள்.

"ஆசிட்டு ஊத்துன கைதான் புடிச்சிருக்கு, பயப்படாதீக!"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். நஞ்சம்மாள் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"என்னங்க சிரிப்பு? அவரு ஊத்துலீங்க. நாங்கதான் துணியச் சுத்தி அழுக வெச்சோம். கேட்டுக்கிட்டீங்களா? இனி யாராவது ஆசிட்டுன்னு பேசுனீங்க, உங்க ஊட்டு வாசல்ல வந்து நிப்பனுங்க."

சிரிப்பு நின்றது. மேலே பெருமாள்சாமி கயிற்றை விட்டு விட்டுப் பிடித்து, கொம்பைத் தரையில் சத்தமில்லாமல் இறக்கினார். இறக்கிய பிறகு அவர் கீழே எட்டிப் பார்க்கவில்லை. நஞ்சம்மாளும் மேலே பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சொன்ன அந்த வார்த்தைகளுக்கு மேல் அவர் அந்த வீட்டாரிடம் எதுவும் சொன்னதாக எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பெருமாள்சாமி இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை உயர்த்திக் கட்டிவிட்டார். புரட்டாசி மழைக்குப் பிறகு மிஞ்சிய பாதி மரத்தில் கொழுந்து விட்டது. இப்போது அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. மகனும் மருமகளும் பக்கத்தில் போகக் கூடாது. டீ குடிக்க வரும் தையல்காரர்களுக்குக் கொட்டகை ஓரத்தில் இடம் காட்டியாகிவிட்டது. காலையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு அடிமரத்தைச் சுற்றி மண் ஒட்டாமல் நஞ்சம்மாளே சுரண்டிவிடுகிறார்.

கார்த்திகையில் ஒருநாள் போகிற வழியில் கேட்டுக்கு வெளியே நின்று, காயம் ஆறியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் புதுப் பட்டை கொஞ்சம் உருண்டு வந்திருந்தது. அதை நான் அவரிடம் சொன்னேன்.

"கண்ணு வெக்காம அக்கட்டால தள்ளிப் போங்ணா" என்றார்.