குண்டுக்குச் சூடம் காட்டியவன்

போன புதன்கிழமை பட்டறையில் டின் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோல் பட்டறை காசிம் அண்ணாச்சி மொபைலோடு வந்து நின்றார். மொபைலைப் பார்த்தார். நான் தட்டுகிற இடத்தைப் பார்த்தார். மறுபடியும் மொபைலை...

"வே, கையை எடும். மெதுவா எடும்."

"ஏன்?"

"நீரு தட்டுதது குண்டு வே."

தாராவியில் என் தொழில், நசுங்கிய எண்ணெய் டின்களை ஒடுக்கெடுத்து விற்பது. அதற்கு உருண்டை மூக்குள்ள கனமான இரும்பு வேண்டும். டின் மூலையை அதில் கவிழ்த்துச் சுத்தியலால் தட்டினால் ஒடுக்கு போய்விடும். எங்கள் இரும்பு, துறைமுகத்துப் பழைய சாமான்களோடு வந்தது. எவ்வளவு அடித்தாலும் அசையாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

காசிம் அண்ணாச்சியின் வீடியோவில், எங்கேயோ உலகப் போர்க் காலத்துக் குண்டைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே மூக்கு. அதே இடுப்பு.

போலீஸ் வந்தது. எங்கள் தெருவைக் காலி செய்து கயிறு கட்டினார்கள். குண்டு நிபுணர் குனிந்து பார்த்துவிட்டு, எத்தனை வருஷமாக இதன் மேல் தட்டுகிறாய் என்று இந்தியில் கேட்டார். எனக்குப் புது ஆட்களைக் கண்டால் பேச்சு வராது. பத்து விரலை இரண்டு தடவை காட்டினேன். அப்புறம் இரண்டு விரல்.

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவி செல்வியின் குரல் கேட்டது.

"ஏங்க, ஆயுத பூஜைக்கு இதுமேலதான என்னைச் சூடம் கொளுத்தச் சொன்னீக?"

சந்தனமும் குங்குமமும் வைத்தது நானாயிற்றே.

"விடுங்க மதினி," என்றார் காசிம் அண்ணாச்சி. "வருசா வருசம் பக்கத்துல நின்னு சுண்டல் தின்னது நானு."

மணல் நிரப்பிய பெட்டியில் வைத்து எடுத்துப் போனார்கள். மறுநாள் போன் வந்தது. உள்ளே வெடிமருந்து அப்படியே இருந்ததாம். செயலிழக்கச் செய்துவிட்டார்களாம். அன்று முழுக்க டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல்தான் வைத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உலகப் போரெல்லாம் அதற்கு மேலே உள்ள பாடம். பாடத்தைத் தேடி நான் போகவில்லை... அதுவே வந்து என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நானும் தினமும் தட்டியிருக்கிறேன்.

இப்போது புது இரும்பு வாங்கிவிட்டேன். கடையில், பில்லோடு. செல்வியிடம் பில்லைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லதுதான். ஆனா இந்த வருசம் சூடத்தை நீங்களே கொளுத்துங்க. நான் தாணேல தங்கச்சி வீட்டுல இருக்கேன்... வீடியோ கால்ல காட்டுங்க, கும்பிட்டுக்கிடுதேன்."