அக்காவின் படையல் இலையில் பன்னீர் வேண்டாம்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், அக்காவோடு பழகிய நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு. மலரின் அட்டையில் அண்ணன் எழுதியிருப்பதை இதற்குள் படித்திருப்பீர்கள். "வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, மகளுக்காகவே வாழ்ந்து மறைந்த தெய்வம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. முன்பே என்னிடம் காட்டியிருந்தால் அந்த வரியை அடித்திருப்பேன். அட்டை முதலில் அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். அது தப்பு என்று உள்ளே எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

அக்கா பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில், எங்கள் மூவரில் மூத்தவராகப் பிறந்தார். எங்களுடையது மானாவாரி நிலம். மழை பெய்தால் ராகி, பொய்த்தால் கூலி வேலை. அதியமான்கோட்டையில் வாழ்க்கைப்பட்டார். மாமா லாரி ஓட்டினார். தொப்பூர் இறக்கத்தில் நடந்த விபத்தில் அவர் போனபோது அவர்கள் மகள் நடக்கக்கூடப் பழகவில்லை. அதன்பிறகு அக்கா தினமும் பஸ் ஏறி பாலக்கோடு தக்காளி மண்டிக்குப் போய்த் தரம் பிரிக்கும் வேலை செய்தார். கஷ்டம் இருந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் கஷ்டம் மட்டும்தான் இருந்தது என்று சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

மண்டியில் வெடித்த தக்காளியை வேலை செய்பவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அக்கா அதில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றி, வெந்தயத்தை வறுத்துப் பொடித்துப் போட்டுத் தொக்குக் கிண்டுவார். "துணிமணியில மிச்சம் புடிக்கலாம், எண்ணெயில மட்டும் புடிக்கக் கூடாது பாப்பா" என்பார். மழை பிடித்துக்கொண்டு வேலை இல்லாத நாட்களில் கஞ்சிதான். அதற்கும் மோர் மிளகாய் வறுத்து, சின்ன வெங்காயம் உரித்து வைத்துக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து ரசித்துக் குடிப்பார். கூலி வாங்கும் நாளில் காபிக்கொட்டையைக் கண்ணெதிரே அரைக்கச் சொல்லி ஒரு சின்னப் பொட்டலம் வாங்குவார். சிக்கரி கலந்துவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். பொட்டலம் தீர்ந்தால் அடுத்த கூலிவரை காபி கிடையாது. தண்ணீர்க் காபி மட்டும் குடிக்க மாட்டார்.

மாம்பழக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அடிபட்ட பழத்தை மலிவாகக் கூடையோடு வாங்குவார்கள். அக்கா நல்ல மல்கோவாவாகப் பார்த்து இரண்டே இரண்டு வாங்குவார். ஒன்று மகளுக்கு, ஒன்று தனக்கு. மகள் அவசர அவசரமாக முடித்துவிட்டு அம்மாவின் பழத்தைப் பார்ப்பாள். "உன்னுது தீந்துபோச்சில்ல? இது என்னுது" என்று சொல்லிவிட்டுக் கொட்டைவரை சப்பிச் சாப்பிடுவார் அக்கா. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். இவரைத்தான் வாயைக் கட்டியவர் என்கிறார்கள்.

அக்கா நோயில் படுத்தபோது அத்தை ஆப்பிளும் சத்துமாவு டப்பாவும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். அடுப்பில் இருந்த சட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னமும் களிதானா? பாவம்" என்றார்.

"களிக்கு என்னங்கத்தே கொறைச்சல்? கடைஞ்ச கீரையில தொட்டு ஒரு உருண்டை முழுங்கிப் பாருங்க" என்றார் அக்கா.

அத்தை முழுங்கவில்லை. பாவம் என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு போய் உறவு முழுக்கப் பரப்பினார். அண்ணனும் அப்படித்தான். பெங்களூரில் ஓட்டல் வாசலில் காத்திருந்து ராகி முத்தே என்று அங்கே சொல்லும் நம் களியையே வாங்கிச் சாப்பிட்டு எங்களுக்குப் போட்டோ அனுப்புவார். அதே உருண்டை அக்கா வீட்டுத் தட்டில் இருந்தால் அவருக்கு அது வறுமை. இதை யாரிடம் போய்ச் சொல்லி முட்டிக்கொள்வது?

போன வாரம் படையல் பற்றிப் பேச உட்கார்ந்தோம். எங்கள் வழக்கப்படி, போனவருக்குப் பிடித்ததைத்தான் இலையில் வைக்க வேண்டும். அண்ணன் கேட்டரிங்காரரிடம் பன்னீர் குருமாவும் நெய்ச் சோறும் ஐஸ்கிரீமும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"உசுரோட இருக்கறப்பதான் ஒண்ணும் நல்லதாச் சாப்புடல. இப்பவாவது வெப்பம் பாப்பா" என்றார்.

"அக்காவுக்கு என்ன புடிக்கும்னு உனக்குத் தெரியுமாண்ணா?"

"அது எங்க வாயத் தொறந்து கேட்டுது?"

அக்கா வாயைத் திறந்துதான் கேட்டார். கேட்கத்தான் இவர் பக்கத்தில் இல்லை. அதைச் சொன்னால் சண்டையாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அக்காவின் மகள் அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் பெண். "சித்தி, அம்மா எனக்காகத்தான் சாப்புடாம கெடந்துச்சுங்களா? நான் தின்னதெல்லாம் அதோட பங்குங்களா?" என்று கேட்டாள்.

புகழ்வதாக நினைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் தலையில் இப்படியா பாரத்தை ஏற்றுவது? இல்லை என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். "நீங்க ஆறுதலுக்குச் சொல்றீங்க. புஸ்தகத்துலயே போட்டிருக்குதே" என்றாள். பேசினால் நம்பமாட்டாள், அச்சில் வந்தால்தான் நம்புவாள் என்று தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். மறுநாள் அண்ணனிடம் சண்டையும் போட்டேன். இன்று பந்தியில் பன்னீர் வரும், தாராளமாகச் சாப்பிடுங்கள். அக்காவின் இலையில் அது வராது. நானும் அவர் மகளும் சேர்ந்து அவருக்குக் களியும் கீரையும் தொக்கும் சமைத்து வைக்கிறோம்.

அக்காவுக்குக் கடைசி நாட்களில் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மா தினமும் ரசம் வைத்துத் தெளிவாக இறுத்துக் கொண்டுவந்தார். அந்த நிலையிலும் "உப்புப் பத்தலைங்க" என்று திருப்பி அனுப்பினார் அக்கா. அவரும் முகம் சுளிக்காமல் உப்புப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மாவுக்கும், மருத்துவமனைக்கு முறை வைத்து வந்து துணை இருந்த மண்டிப் பெண்களுக்கும், செலவையெல்லாம் முகம் கோணாமல் ஏற்றுக்கொண்ட அண்ணனுக்கும் எங்கள் நன்றி. அண்ணா, உன் பாசத்தில் நான் குறை சொல்லவில்லை. நீ எழுதிய வரியில்தான் எனக்குச் சண்டை.

கண்ணு, இதுவும் அச்சில் வந்ததுதான், எடுத்து வைத்துக்கொள். உன் அம்மா உனக்காகப் பட்டினி கிடக்கவில்லை. உன் எதிரே உட்கார்ந்து தன் பங்கை முழுசாகச் சாப்பிட்டார். நீ உன் பங்கைத்தான் சாப்பிட்டு வளர்ந்தாய்.