பிரஷ் போட்டுக் கழுவிய மலை

என் சித்திக்கு மலையில் வேலை. மலை ஏறும் வேலை அல்ல, மலையைக் குளிப்பாட்டும் வேலை. துளைபோடும் இயந்திரம் நானூறு ஐந்நூறு மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கட்டுத் தடிமனில் கல்தண்டு உருவி எடுக்கும். அதற்குக் கோர் என்று பெயர். சேறு அப்பிக்கொண்டு வரும் அதைக் கொட்டகையில் வாங்கிக் கழுவி, உடைந்த துண்டுகளை வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்க வேண்டும். பிறகு ரம்பக்காரர் நீளவாக்கில் இரண்டாக அறுப்பார். ஒரு பாதி பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். மறு பாதி பெட்டியிலேயே தூங்கும்.

சித்தப்பா சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போனபோது சித்தி மூன்று நாள் வீட்டைக் கழுவினாள். நாலாம் நாள் கொட்டகைக்குப் போய் வேலை கேட்டாள். பதினொரு வருடம் ஆகிறது. அங்கே அவளுக்குச் ‘சோப்பு’ என்று பெயர். சின்ன வயதில் அவள் என்னைத் தேய்த்த தேய்ப்புக்கு என் காது இரண்டும் இன்னும் தலையில் ஒட்டிக்கொண்டிருப்பதே பெரிய விஷயம்.

அந்த மலையை முதலில் மோப்பம் பிடித்தவர்கள் ஓடைக்கல்லில் பச்சைக் கறையைப் பார்த்து வந்தவர்கள். செம்பு மழையும் வெயிலும் பட்டால் பச்சையாகிவிடும். நாலு குழி வெட்டிவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் ஏழு துளை போட்டு, செம்பு இருக்கிறது, போதாது என்று கையை உதறிவிட்டார்கள். மூன்றாவதாக இந்தக் கம்பெனி. செம்போடு, எஃகை உறுதியாக்கும் மாலிப்டினம் என்ற உலோகமும் இருக்கும் என்று நம்பி வந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடைகொடுத்த எனக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவே ஒரு வாரம் ஆனது.

“அடியிலேர்ந்து பாறைக்குழம்பு ஏறிச்சு. அதோட வந்த சுடுதண்ணி மேல இருந்த கல்லை வெடிக்க வெச்சு, விரிசல்ல இதையெல்லாம் விட்டுட்டு ஆறிப்போச்சு” என்று ஜியாலஜிஸ்ட் மேடம் சித்தியிடம் சொன்னாராம். செம்பு மட்டும் என்றால் சுரங்கம் கட்டுப்படியாகாது. இரண்டும் சேர்ந்தால் ஆகும். ஆனால் முப்பத்துநாலு துளை போட்டும் மாலிப்டினம் கொஞ்சமாகத்தான் காட்டியது. முப்பத்தைந்தாவதுதான் கடைசி, அதிலும் இல்லையென்றால் கொட்டகையை மூடிவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாற்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தக் கடைசித் துளையின்போதுதான் சித்தி கழுவிய கோரைத் துடைக்கும் வெள்ளைத் துண்டில் சாம்பல் கறை ஏறியது. நேராக ரம்பக்காரரிடம் சண்டைக்குப் போனாள்.

“அண்ணே, உங்க ரம்ப எண்ணெய் என் துண்டைப் பாழாக்கிடுச்சு.”

“என் ரம்பம் பச்சைத் தண்ணியில ஓடுது தாயே. வேணும்னா ஒரு வாய் குடிச்சுப் பாரு.”

வீட்டில் மூன்று முறை துவைத்தாள். போகவில்லை. வெயிலில் பிடித்தால் மினுங்கியது.

“ஜரிகைத் துண்டு சித்தி. கல்யாணத்துக்குக் கட்டலாம்” என்றேன்.

அவள் துண்டை மறுபடி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் கழுவும் தொட்டியின் கீழே இருந்த பீப்பாயைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாள். அடியில் பென்சில் கரி மாதிரி வழவழவென்று சாம்பல் களி. விரலால் தொட்டுக் காகிதத்தில் இழுத்தால் கோடு விழுந்தது. கோரின் விரிசல்களில் படலம் படலமாகப் பார்த்த அதே பளபளப்பு. கம்பெனி தேடிக்கொண்டிருந்த மாலிப்டினம் அதுதான் என்று அவளுக்கு உறைத்தது. அழுக்கு என்று நினைத்து இவள் பிரஷ் போட்டுத் தேய்த்து, பதினொரு வருடமாகச் சாக்கடையில் விட்டிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தாள். கதவைத் திறந்தாள், எதற்குத் திறந்தோம் என்று நின்றாள், மூடினாள்.

“சொன்னா என்னைத் துரத்திடுவாங்கடா.”

“சொல்லலன்னா?”

“எல்லாரையும் துரத்திடுவாங்க.”

“அப்ப சொல்லாத. கும்பலாப் போனா பேச்சுத்துணையாவது இருக்கும்.”

“போடா எருமை” என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே மேடம் தங்கியிருந்த அறைக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன்.

மேடம் களியை விரலில் தேய்த்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“யாரு பிரஷ் போடச் சொன்னது?”

“யாரும் சொல்லல மேடம். வேணாம்னும் யாரும் சொல்லல.”

மேடம் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு, “வர்றவங்ககிட்ட எல்லாம் எங்க கோர் கண்ணாடி மாதிரி இருக்கும்னு பீத்திக்கிட்டது நான்தானேக்கா” என்றார்.

துளையில் இன்னும் அறுபது மீட்டர் பாக்கி இருந்தது. பிரஷில் எவ்வளவு போகிறது என்று ஒப்பிட, ஒரு பெட்டி பிரஷ் போட்டு, அடுத்த பெட்டி மெல்லத் தண்ணீர் மட்டும் ஊற்றி, ரம்பத் தண்ணீரும் அரித்துவிடாதபடி உளியால் பிளந்து, மாற்றி மாற்றி அனுப்புவது என்று முடிவானது. ஆக, சித்தி பாதிப் பெட்டிகளைத் தெரிந்தே தேய்க்க வேண்டியிருந்தது. வழக்கம்போலத் தேய்த்தால்தான் கணக்கு சரியாக வருமாம். அவள் தேய்த்த லட்சணத்தை ரம்பக்காரர் சொன்னார்: “அழுத்தம் குறையல. ஆனா அழுக்கு எடுக்கிற கை மாதிரியே இல்லடா. காயத்துக்கு மருந்து போடுற கை.”

முடிவு வர மூன்று வாரம். அதற்குள் சித்தி எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளை எல்லாம் எண்ணிவிட்டாள். போன் அடித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். அதைப் பார்த்தபிறகு மேனேஜர் குரலில் பேசிக் கலாய்க்கும் திட்டத்தை நான் கைவிட்டேன். நல்ல திட்டம்தான்.

கடைசியில் மேடமே கூப்பிட்டார். சித்தி போனை என் பக்கம் நீட்டிவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

“பிரஷ் படாததுல ஒண்ணரை மடங்கு இருக்குக்கா. கொட்டகையை மூடல. பழைய துளைங்களுக்குப் பக்கத்துலயே நாலு புதுசு போடச் சொல்லியிருக்காங்க.”

“மிச்சம் முப்பது துளை?”

“அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது.”

“என்னை?”

“தொட்டி வேலை கிடையாதுன்னு மேனேஜர் சொல்லிட்டார். டேப் பிடிச்சுக் கோரை அளந்து நம்பர் போடணும். சம்மதமா?”

சித்தி தலையை ஆட்டினாள். தலையாட்டுவது போனில் கேட்காது என்பதால், “சம்மதமாம்” என்று நான்தான் சொன்னேன்.

தொட்டிக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள். கோர் வந்து இறங்கியதும் சித்தி டேப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நிற்கிறாளாம். “கையை எடு. ஊத்து, மெல்ல ஊத்து. தேய்க்காத, தேய்க்காதன்னா!” சத்தம் ரம்பத்தையும் தாண்டிக் கேட்கிறதாம். மீட்டர் எண்ணைத் தப்பாகப் போட்டதற்காகச் சித்தியை மேடம் இதுவரை இரண்டு முறை கூப்பிட்டு எச்சரித்துவிட்டார்.