இடைவேளையில் வந்த அழைப்பு

அப்பா கட்டாருக்கு வேலைக்குப் போனபோது எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு இன்னும் பூச்சுப் பூசப்படவில்லை. அரசாங்க வீட்டுத்திட்டத்தில் கிடைத்த பணம் கூரையோடு முடிந்துவிட்டது. துணுக்காயில் பெரிய வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் பாதையில் கடைசி வீடு எங்களுடையது. அதற்கப்பால் வயல், வயலுக்கப்பால் காடு. நான் ஒரே மகள். அம்மா முன்னறையில் மெசின் போட்டுத் தைப்பார். பாடசாலை விட்டு வந்தால் அந்த மெசினின் சத்தம்தான் எனக்குத் துணை.

அப்பா இளமையில் ஊர்க் கழகத்துக்காக உதைபந்து விளையாடியவர். முழங்கால் பிசகியதோடு விளையாட்டை விட்டார், பார்ப்பதை விடவில்லை. யாரோ வெளிநாட்டுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன, முதுகு புடைத்த தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று எங்களிடம் இருந்தது. பாலைக் கம்பில் கட்டிய அன்ரனாவைக் கொஞ்சம் திருப்பினால் கொழும்பிலிருந்து வரும் ஓர் அலைவரிசை தெளிவாக விழும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அதில் இங்கிலாந்துக் கழகங்களின் ஆட்டத்தை நேரடியாகக் காட்டுவார்கள். காசு எதுவும் கட்டத் தேவையில்லை. வர்ணனை சிங்களத்தில் போகும். எங்கள் இருவருக்கும் அது விளங்காது. அதனால் அப்பாவே வர்ணனை சொல்வார். சிவப்பு உடுப்புப் போட்டவர்களை அவர் "எங்கட ஆக்கள்" என்பார். அந்தக் கழகத்துக்கு வேறு பெயர் உண்டு என்பதை நான் வெகு காலம் பொருட்படுத்தவில்லை.

அவர் புறப்பட்ட நாளில் விமான நிலையத்துக்குப் போகும் வான் வாசலில் நின்றது. நான் அழுதுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது. அப்பா குந்தியிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சனிக்கிழமை ஆறு மணிக்கு நீ இஞ்சை பார். நான் அங்கை பாக்கிறன். இடைவேளைக்குக் கட்டாயம் போன் எடுப்பன். சரியே?"

சொன்னபடியே செய்தார். ஏறக்குறைய இரண்டு வருடம், சனிக்கிழமை ஆறே முக்காலுக்கு அம்மாவின் பட்டன் போன் அடித்தது. மற்ற நாட்களில் வரும் அழைப்புகள் அம்மாவுக்கானவை. கடைசியில் போன் என்னிடம் வரும். சாப்பிட்டியா, படிக்கிறியா என்று இரண்டு கேள்விகள் கேட்பார். நான் இரண்டு ஓம் சொல்வேன். அதற்கு மேல் எங்கள் இருவருக்குமே கதை வராது. ஆனால் சனிக்கிழமைப் பதினைந்து நிமிடம் முழுக்க என்னுடையது. "அந்தக் கோர்னரைப் பாத்தனியே?" என்று அவர் கத்துவார். "பாத்தனான் அப்பா! அவன் ஏன் பேந்தும் பின்னுக்குக் குடுத்தவன்?" என்று நானும் கத்துவேன். அந்த நேரத்தில் ஒரே பந்தை நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா இருந்த இடத்துக்கும் எனக்கும் இடையில் கடல் கிடந்ததாக அப்போது தோன்றியதில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை ஆறு மணிக்குப் பெட்டியைப் போட்டேன். பந்து இல்லை. மினுங்கும் சட்டை போட்ட ஒருவர் பாட்டுப் போட்டி நடத்திக்கொண்டிருந்தார். அன்ரனாதான் விலகிவிட்டதென்று நினைத்து வெளியே ஓடிப்போய்க் கம்பைத் திருப்பினேன். "இப்ப வருதோ அம்மா?" என்று கேட்கக் கேட்க, "அதே பாட்டுத்தான் பிள்ளை" என்று உள்ளிருந்து பதில் வந்தது. முக்கால் மணி நேரம் அந்தக் கம்போடு மல்லுக்கட்டினேன். என்ன ஆயிற்றென்று திங்கட்கிழமைதான் தெரிந்தது. என் வகுப்பில் படித்த, ஊர்க் கடைக்காரரின் மகள் சொன்னாள்: "இனி ரிவியில வராதாம். போனிலதானாம், அதுவும் மாசம் மாசம் காசு கட்டினால்தானாம். எங்கட அண்ணா கட்டிட்டார்." அவளுடைய அண்ணாவிடம் பெரிய தொடுதிரைப் போன் இருந்தது. அதை அவர் யாருக்கும் கொடுக்கமாட்டார். காதில் வயரைச் செருகிக்கொண்டு தனியே பார்ப்பாராம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமையே, கம்பை விட்டுவிட்டு நான் வியர்வையோடு உள்ளே வர, ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது.

"பாத்தனியே?" என்றார் அப்பா.

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பந்து இல்லையென்றால் சனிக்கிழமை அழைப்பும் இல்லையென்று அந்த நொடியில் எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு எங்களுக்கு மிஞ்சுவது அந்த இரண்டு கேள்விகளும் இரண்டு ஓமும்தான்.

"ஓம் அப்பா. பாத்தனான்."

"எப்பிடி எங்கட ஆக்கள்?"

"பறவாயில்லை. ஆனால் கோல் விழேல்லை."

"ஓம் ஓம்," என்றார் அப்பா.

நான் குத்துமதிப்பாகச் சொன்னது சரியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால், அம்மா மெசினை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ப் பாட்டுப் போட்டியின் சத்தத்தை முழுவதுமாகக் குறைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவும் இல்லை, எதுவும் கேட்கவும் இல்லை. திரும்பிவந்து ஊசியில் நூல் கோக்கத் தொடங்கினார்.

அடுத்தடுத்த வாரங்களில் எனக்குத் துணிவு வந்தது. ஆறு மணிக்கே பெட்டியின் முன் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வாயசைக்கும் பாடகர்களைப் பார்த்தபடி என் ஆட்டத்தை மனதுக்குள் நடத்துவேன். கோல்காப்பாளர் சேற்றில் வழுக்கி விழுந்தார் என்றேன். "ஓம், நானும் பாத்தனான், பாவம்," என்றார் அப்பா. நடுவரோடு சண்டை பிடித்த ஒருவரை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றேன். "பின்னை, அவன் செய்தது பிழைதானே," என்றார். நான் நினைப்பதெல்லாம் அங்கே நடக்கிறது என்று நம்பினேன். எனக்குள் ஏதோ ஒரு சக்தி இருக்கிறதென்றும், அதை யாருக்கும் சொல்லக்கூடாதென்றும் முடிவு செய்தேன். பதினொரு வயதில் அதை நம்புவது பெரிய கஷ்டமில்லை.

அப்பாவும் முன்னைப்போல் கத்துவதில்லை. "நீ சொல்லு, நீ சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பின்னால் சில வேளை காற்றும் இரும்பு அடிபடும் சத்தமும் கேட்கும். நான் அதை விளையாட்டு மைதானத்தின் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் ஆட்களுக்கு இரண்டு கோல் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு ஏனோ அவர்கள் வெல்ல வேண்டும்போல இருந்தது.

"ரெண்டாவது வலு வடிவு, என்னப்பா?"

"சொல்லி வேலையில்லை. இடக்காலாலதானே அடிச்சவன்?"

"ஓம், இடக்கால்!"

அன்றைக்கு நாங்கள் இருவரும் நெடுநேரம் சிரித்தோம்.

திங்கட்கிழமை பாடசாலை இடைவேளையில் கடைக்காரரின் மகள் தன் அண்ணாவைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை முழுக்க வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தாராம். "மற்ச் நடக்கேல்லையாம். அங்கை பனி கொட்டி மைதானமே வெள்ளையாய்ப் போச்சாம். ஒருத்தரும் பந்தைத் தொடேல்லை. காசு கட்டினது வீண் எண்டு ஒரே புறுபுறுப்பு."

அவள் வேறு கதைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன்.

அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது கிரவல் பாதை முழுக்க அதையே யோசித்தேன். நான் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் பந்து வரவில்லை. அப்பா எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? கட்டாரில் வீதிக்கு வீதி சினிமாத் திரை மாதிரிப் பெரிய தொலைக்காட்சி இருக்கும் என்பது என் எண்ணம். அப்படியென்றால் அவர் பார்க்க விரும்பவில்லை. வேறு எங்கோ, வேறு யாரோடோ இருந்துகொண்டு, கடமைக்கு எனக்கு எடுத்திருக்கிறார். நான் சொல்வது பொய்யென்று தெரிந்தே, சின்னப்பிள்ளைக்குத் தலையாட்டுவதுபோல ஓம் ஓம் என்றிருக்கிறார். ஒருவேளை போனை வைத்துவிட்டுச் சிரித்தும் இருப்பார். இதை நினைக்க எனக்குக் காது சுட்டது. என் சக்தி போனது ஒருபக்கம் இருக்க, இத்தனை வாரமும் நான் தனியாகத்தான் அந்த ஆட்டங்களில் இருந்தேன் என்பதுதான் தாங்க முடியாமலிருந்தது.

அடுத்த சனிக்கிழமை போன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

"அப்பா எடுக்கிறார், வா," என்றார் அம்மா.

"எனக்குத் தலையிடிக்குது."

"ரெண்டு வார்த்தை கதைச்சுப்போட்டுப் படு."

"மாட்டன்."

அம்மா தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்தார். பிறகு போனை எடுத்து, குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்: "அவள் மற்ச்சில மூழ்கிப்போய் இருக்கிறாளப்பா. கூப்பிட்டாலும் காதில விழேல்லை. ஓம்... ஓம்... நல்லாத்தான் இருக்கிறாள்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஆறரைக்கே கிணற்றடிக்குப் போய்விடுவேன். கால் கழுவுவதாகப் பெயர். கிணற்றுக் கட்டில் இருந்தால் வயலிலிருந்து தவளைகளின் சத்தம் வரும். அதற்குள்ளும் போன் அடிப்பது தெளிவாகக் கேட்கும். அடித்து ஓய்ந்தபின் அம்மாவின் குரல் மெல்லிதாகக் கேட்கும். பிறகு மெசின் ஓடத் தொடங்கும். அப்போதுதான் நான் உள்ளே வருவேன். அம்மா ஒருநாளும் ஏனென்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன், சொல்லியும் இருப்பேன்.

ஏழெட்டு வாரம் அப்படிப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை ஆறே முக்காலுக்குப் போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். வென்ற பிறகும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கிணற்றடிக்குப் போய்க் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா திரும்பி வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. மெலிந்து கறுத்திருந்தார். சுவர்களுக்குப் பூச்சுப் பூசினார், நிலத்துக்குச் சீமெந்து போட்டார். எனக்கும் அவருக்கும் இடையில் கோபம் எதுவும் இருக்கவில்லை. சாப்பிட்டியா என்பார், ஓம் என்பேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் எவ்வளவு மரியாதையாக வாழலாமோ அவ்வளவு மரியாதையாக வாழ்ந்தோம்.

போன வருடம் எனக்குக் கிளிநொச்சியில் வேலை கிடைத்தது. முதல் வேலையாகப் போனில் அந்தப் பந்தாட்டத்துக்குக் காசு கட்டினேன். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தபோது, ஆறு மணிக்குப் போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து மேசையில் வைத்து, அப்பாவுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"எங்கட ஆக்களில ஒருத்தனையும் தெரியேல்லை," என்றார்.

"நீங்கள் அங்கை பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

குத்தலாகத்தான் கேட்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எங்கை பாத்தது? ரெண்டு வருசத்தால முதல் கொம்பனி பூட்டுப்பட்டுப்போச்செல்லே, அம்மாவுக்குச் சொன்னனான். பேந்து மண்ணுக்குள்ளை குழாய் புதைக்கிற வேலை, பாலைவனத்துக்குள்ளை. ரிவியும் இல்லை ஒண்டுமில்லை. பின்னேரம் கால் மணித்தியாலம் விடுவாங்கள், சாப்பிட. அதுக்குள்ளைதான் உனக்கு எடுக்கிறனான்." திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லிக்கொண்டு போனார். "நீ சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு போய்ப் பெடியளுக்குச் சொல்லுவன். எங்கட ஆக்கள் ஒரு பத்துப் பேர் இருந்தவங்கள், மட்டக்களப்பு, மன்னார்ப் பெடியள். கிடங்குக்குள்ளை நிண்டு மண்ணை வெட்டி வெட்டிக் கேப்பாங்கள். கோல் எண்டால் மண்வெட்டியால குழாயில தட்டுவாங்கள்."

சரிந்த போனைச் செம்பில் நிமிர்த்தி வைத்தேன். "பேந்து ஏன் எடுக்காமல் விட்டனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன்.

"அம்மா சொன்னவா, நீ மற்ச்சில மூழ்கிப்போய் இருக்கிறாய் எண்டு. நீயெண்டாலும் ஆறுதலாய் இருந்து பாக்கட்டும், ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்."

"அந்தப் பெடியள் கேக்கேல்லையே?"

"கேட்டவங்கள். ஒவ்வொரு சனியும் கேப்பாங்கள், அண்ணை, மகள் என்ன சொன்னவா எண்டு. பிள்ளைக்குச் சோதினை வருது, படிக்கிறாள் எண்டு சொன்னனான்."

குசினியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. இங்கே பந்து வராததையும் அங்கே பெட்டி இல்லாததையும் அறிந்திருந்தவர் அவர் ஒருவர்தான். திரையில் யாரோ கோல் போட்டார்கள். அப்பா என் தோளில் தட்டினார்.

கிணற்றுக் கட்டில் இருந்த அந்தப் பிள்ளைக்கு, பொய் சொல்லிப் பதினைந்து நிமிடத்தைக் காப்பாற்றத் தெரிந்திருந்தது. மறுமுனையில் இருந்தவரும் அதே பதினைந்து நிமிடத்தைத்தான், தன் சோற்றை அப்படியே வைத்துவிட்டு, காப்பாற்றிக்கொண்டிருக்கக்கூடும் என்று நினைக்கத்தான் தெரிந்திருக்கவில்லை.