பெரம்பலூருக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன்

போன மாதம் ஒரு சனிக்கிழமை அரியலூரிலிருந்து பெரம்பலூர் போனேன். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஆபரேஷனில் எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ள அம்மாவே சம்மதம் கொடுத்திருந்தார். அது பெரம்பலூருக்கு வெளியே, ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டிய ஆய்வகத்தில் இருக்கிறது. ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சுமார் முப்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். முன்னால் சிமெண்ட் லாரிகள் போவதால், ஜன்னலோரம் உட்கார்ந்தால் இறங்குவதற்குள் இலவசமாகப் பவுடர் பூசிவிடுவார்கள்.

"ஆஸ்பத்திரிக்கா தம்பி?" என்றார் கண்டக்டர்.

"அம்மாவப் பாக்கப் போறேண்ணே."

"நல்லாயிருவாங்க, போ."

திருத்த மனம் வரவில்லை.

பள்ளி வேதியியல் லேபுக்குப் போடும் வெள்ளைக் கோட்டோடு உள்ளே நுழைந்துவிடுவது என் திட்டம். பிளஸ் டூ படிப்பவன் முக்கால் விஞ்ஞானிதானே. வாசலிலேயே அதைப் போட்டுக்கொண்டு கெத்தாக நடந்தேன். கண்ணாடிக் கதவருகே நின்ற ஆராய்ச்சி மாணவி அக்கா சிரித்துவிட்டார்.

"கோட்டோட யாரும் வெளிய வர மாட்டோம் தம்பி. உள்ள போட்டத உள்ளயே கழட்டிரணும். பயிற்சியில மொத நாளே சொல்லித் தர்றது இது. யாரு நீ?"

சொன்னேன். சிரிப்பை நிறுத்தி, உட்காரவைத்தார்.

"பயிற்சி முடிக்காம யாரும் உள்ள போக முடியாதுப்பா. சம்மதம்னா என்ன, தொத்து வராம எப்படித் தொடுறது, ரகசியத்த எப்படிக் காப்பாத்துறதுன்னு படிச்சுப் பரீட்சை எழுதணும். அதுவரைக்கும் நானும் இங்கதான் நின்னேன்."

"அம்மாவோடது எதுன்னு மட்டும் காட்டுங்கக்கா. இங்கேருந்தே பாத்துக்கறேன்."

"எனக்கே தெரியாது. எங்களுக்கு நம்பர்தான் வரும், பேர் வராது. வேணாம்னு உங்க வூட்ல சொன்னா, பேர்ப் பட்டியல் வச்சிருக்கிற பொறுப்பாளர் தேடி எடுத்துருவார். ஆனா கையில குடுக்க மாட்டாங்க, அழிச்சிருவாங்க."

அந்தத் துண்டுகளை ஆராய நீங்கள்தான் வெட்டுவீர்களா, வெட்டும்போது கை நடுங்குமா என்று கேட்டேன்.

"நடுங்குச்சு. துண்ட மெழுகுல பதிச்சுத்தான் மெல்லிசா சீவுவோம், அதான் மொதல்ல வெறும் மெழுகுல வெட்டிப் பழகச் சொன்னாங்க. கை நிதானமாகுற வரைக்கும் ஆளுங்களோடதத் தரவே இல்ல."

"அப்ப இங்கயே இருக்கட்டுங்கக்கா."

என்னைப் போலப் போக நினைப்பவர்கள் போன் செய்துவிட்டுப் போங்கள். காட்ட மாட்டார்கள், கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். கோட்டு எடுத்துப் போகாதீர்கள்.

அக்கா உள்ளே போகும்போது கதவு கொஞ்ச நேரம் திறந்திருந்தது. அலமாரிகளில் வரிசை வரிசையாகச் சின்னப் பெட்டிகள். எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் பார்த்தேன்.